ஊசி மாட்டிக்கிச்சு... ஊரே கேட்டுச்சு!

பாட்டு பிடிக்கலையா? ஸ்க்ரீனில் ஒரு தட்டு... அடுத்த பாட்டு ரெடி! காதில் ப்ளூடூத்தோடு கேம்பஸைச் சுற்றும் நமக்கு இது ரொம்ப ஈஸி. ஆனால், ஒரே ஒரு பாட்டு ஒழுங்காக ஓடி முடிய, ஒரு மனிதர் பக்கத்திலேயே காவல் இருந்த காலமும் உண்டு பாஸ்!

1970-களில், தென் மாவட்ட வானொலி நிலையம் ஒன்றில் பகுதி நேர அறிவிப்பாளராக இருந்தவர் அவர். ''பேரெல்லாம் வேணாம் தம்பி... ரேடியோவுல குரல்தான் அடையாளம்!'' என்று சிரித்தபடியே ஆரம்பிக்கிறார்.

''சினிமாப் பாட்டுன்னா ஜனங்க இலங்கை வானொலிப் பக்கம்தான் முள்ளைத் திருப்புவாங்க. அந்தக் கூட்டத்தை இழுக்கத்தான் 1957-ல விவித் பாரதியே வந்துச்சு. எங்க ஸ்டுடியோவுல ரெண்டு டர்ன்டேபிள். ஒண்ணுல பாட்டு ஓடும்போதே, இன்னொண்ணுல அடுத்த ரெக்கார்டை வெச்சு, பாட்டு எங்கே ஆரம்பிக்குதுனு ஹெட்போன்ல கேட்டு, கொஞ்சம் பின்னால திருப்பி நிறுத்தி வைக்கணும். பழைய 78 ஆர்.பி.எம். தட்டு அரக்கு கலந்து செஞ்சது. கை தவறினா அப்பளம்தான்! 33 ஆர்.பி.எம். எல்.பி-யை மறந்துபோய் 45-ல ஓட விட்டா, டி.எம்.எஸ். குரல்கூட கீச்சு கீச்சுனு கேட்கும்!''

சட்டென்று குரல் இறங்குகிறது.

''ஒருநாள் நேயர் விருப்பம் ஓடிட்டு இருந்துச்சு. டீ வந்தது. வாங்கறதுக்காகத் திரும்பினேன். ஊசி ஒரு கீறல்ல மாட்டிக்கிச்சு. 45 தட்டு... 20 செகண்டுல ஒரே வார்த்தை 15 தடவை! பதறிப்போய் அதை நிறுத்திட்டு அடுத்த பாட்டைப் போட்டேன். மறுநாள் மெமோ. அதுகூட வலிக்கலை. நாலு நாள் கழிச்சு ஒரு போஸ்ட் கார்டு வந்தது. கல்யாணமாகி வடக்கே போன மகள், வீட்ல எப்பவும் பாடுற பாட்டாம் அது. 'மூணு மாசமா கார்டு போட்டு, அன்னிக்குத்தான் எங்க பேரை வாசிச்சீங்க. பாட்டுதான் பாதியில போச்சு'னு ஒரு அம்மா எழுதியிருந்தாங்க.

லைப்ரரியில அந்தப் பாட்டுக்கு வேற ரெக்கார்டு கிடையாது. டியூட்டி முடிஞ்ச பிறகு அதே கீறல் தட்டைத் திரும்பத் திரும்ப ஓட விட்டு, எந்த இடத்துல மாட்டுதுனு மனப்பாடம் பண்ணினேன். அடுத்த வாரம் அவங்க பேரை மறுபடி வாசிச்சேன். அந்த இடம் வந்ததும், ஊசி இருக்கிற கையை விரலால லேசா ஒரு தள்ளு! 'டப்'னு ஒரு சத்தம். ஒரு வார்த்தை போச்சு... ஆனா, பாட்டு கடைசி வரைக்கும் ஓடிச்சு.''

பதில் கார்டு வந்ததா?

''வரலை தம்பி. அவங்க கேட்டாங்களான்னே தெரியாது. ஆனா, அதுக்கப்புறம் ஓடிட்டு இருக்கிற பாட்டுக்கு நான் முதுகைக் காட்டினதே இல்லை!''

2004-ல் அண்ணா பல்கலைக்கழகம் தொடங்கி வைத்த கேம்பஸ் ரேடியோ, பிறகு பல கல்லூரிகளுக்கும் வந்துவிட்டது. அங்கே மைக் பிடிக்கும் ஃப்ரெண்ட்ஸ்... ப்ளே லிஸ்ட்டைத் தட்டிவிட்டு கேன்டீனுக்குக் கிளம்பும் முன்னால், அந்த அம்மாவைக் கொஞ்சம் நினைச்சுக்கோங்க!