சாலையில் சாகசம்: மலேசிய இளையோரின் 'ரெம்பிட்' வழக்கம் குறித்த ஒரு விளக்கம்

முன்னுரை

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளிலும் இடைநிலைப்பள்ளிகளிலும் மாணவர் எழுதும் கட்டுரைத் தலைப்புகளுள் சாலை விபத்து பற்றியது நெடுங்காலமாக இடம்பெற்று வருகிறது. வேகம் விவேகமன்று என்ற முழக்கத்தில் தொடங்கி, அரசும் பெற்றோரும் ஆசிரியரும் ஒன்றிணைய வேண்டும் என்ற அறிவுரையில் முடியும் அக்கட்டுரைகள் நமக்கு நன்கு பழகியவை. ஆயினும், அக்கட்டுரையைப் பிழையின்றி எழுதி உயர்ந்த மதிப்பெண் பெற்ற மாணவன், அதே வார இறுதியில் மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டுவதற்கு அக்கட்டுரை தடையாக அமைவதில்லை. காரணம், அறிவுரை உண்டு, விளக்கம் இல்லை. அச்செயல் எவ்வாறு நிகழ்கிறது, ஏன் நிகழ்கிறது, எந்தக் கணத்தில் அது உயிரைப் பறிக்கிறது என்பனவற்றை நாம் மாணவர்க்குச் சொல்வதில்லை. அவ்விளக்கத்தைச் சுருக்கமாகத் தொகுத்தளிப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலேசியாவில் 2019ஆம் ஆண்டில் மட்டும் ஆறாயிரத்திற்கும் மேற்பட்டோர் சாலை விபத்துகளில் உயிரிழந்தனர். இத்தகைய இறப்புகளில் பத்தில் ஆறுக்கும் மேற்பட்டவை மோட்டார் சைக்கிளோட்டிகளுக்கும் அவர்தம் பின்னிருக்கையில் அமர்ந்து செல்வோர்க்கும் நேர்வன. இவ்வனைத்தும் சாகசத்தால் விளைந்தவை அல்ல. வேலைக்குச் செல்வோரும் வீடு திரும்புவோரும் இவர்களுள் மிகுதி. எனினும், ஏற்கெனவே பாதுகாப்புக் குறைந்த ஒரு வாகனத்தை வேண்டுமென்றே மேலும் ஆபத்தாக்கும் வழக்கம் என்ற வகையில் ரெம்பிட் தனித்து நோக்கத்தக்கது.

சொல்லும் பொருளும்

மலாய்ப் பேச்சு வழக்கில் 'மாட்' என்பது ஓர் ஆடவனை, ஒரு வகைமாதிரியான ஆளைச் சுட்டும் முன்னொட்டு. 'மாட் சாலே', 'மாட் மோட்டோர்', 'மாட் ரோக்' போன்ற தொடர்கள் இவ்வகையின. 'ரெம்பிட்' என்ற சொல்லின் பிறப்புக்குப் பல விளக்கங்கள் கூறப்படுகின்றன. பொருளில் ஐயமில்லை. பொதுச் சாலையில் அனுமதியின்றிப் பந்தயம் ஓடுவதும் சாகசம் புரிவதும் அச்சொல்லில் அடங்கும்.

இவ்வழக்கத்தின் வாகனம் விலையுயர்ந்த பெரிய இயந்திரம் அன்று. மலேசியர் 'கப்சாய்' என்றழைக்கும் எளிய, சிறிய மோட்டார் சைக்கிளே. ஹோண்டா நிறுவனம் 1958இல் ஜப்பானில் அறிமுகப்படுத்திய 'கப்' என்னும் வண்டியின் பெயரோடு, சிறியது என்னும் பொருள்தரும் சீனச் சொல் சேர்ந்து 'கப்சாய்' ஆயிற்று என்பர். தோட்டப்புறத்துப் பால்மரத் தொழிலாளி முதல் நகரத்து அலுவலகப் பணியாள் வரை பலருக்கும் வாழ்க்கைத் துணையாய் அமைந்த அவ்வண்டியே, 16 வயதில் உரிமம் பெறும் இளைஞனின் கைக்கு முதலில் எட்டுகிறது.

சாகச வகைகளும் தனிப்பெயர் பெற்றுள்ளன. முன்சக்கரத்தைத் தூக்கிப் பின்சக்கரத்தில் ஓட்டுவது 'வீலி'. இருக்கையின் மீது குப்புறப் படுத்து, கால்களைப் பின்னே நீட்டி விரைவது 'சூப்பர்மேன்'. வாகனங்களுக்கிடையே வளைந்து நெளிந்து நுழைவது 'சீலோக்'. பினாங்கின் துன் டாக்டர் லிம் சொங் யூ விரைவுச்சாலை, காராக் நெடுஞ்சாலை முதலிய இடங்கள் இத்தகைய செயல்கள் குறித்த செய்திகளில் அடிக்கடி இடம்பெற்றுள்ளன. 2002இல் வெளிவந்த 'கே.எல். மெஞ்செரிட்', 2006இல் வெளிவந்த 'ரெம்பிட்' ஆகிய மலாய்த் திரைப்படங்கள் இவ்வுலகைக் கருப்பொருளாகக் கொண்டமை, அக்காலத்தில் இவ்வழக்கம் பெற்றிருந்த கவனத்தைக் காட்டும்.

சாகசத்தின் இயக்கவியல்

முன்சக்கரம் ஏன் மேலெழுகிறது? வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்த மொத்த எடைக்கு ஒரு புவியீர்ப்பு மையம் உண்டு. அம்மையம் முன்சக்கரத்தைத் தரையோடு அழுத்தி வைத்திருக்க முயல்கிறது. திடீரென முடுக்கும்பொழுது, பின்சக்கரம் தரையை உந்தும் விசை வண்டியைப் பின்புறமாகச் சுழற்ற முற்படுகிறது. இரண்டாவது விளைவு முதலாவதை விஞ்சும் கணத்தில் முன்சக்கரம் தரையை விட்டு நீங்குகிறது. புவியீர்ப்பு மையம் எவ்வளவு உயரத்திலும் எவ்வளவு பின்னாலும் அமைகிறதோ, அவ்வளவு எளிதில் சக்கரம் எழும். பின்னிருக்கையில் ஒருவர் அமர்ந்திருந்தால் சிறிய முடுக்கமே போதுமானதாகிவிடும்.

எழுந்த சக்கரம் காற்றில் நிற்கும்பொழுது ஓட்டுநர் மூன்றினை இழக்கிறார். முதலாவது, திசைக் கட்டுப்பாடு. தரையைத் தொடாத சக்கரத்தைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. இரண்டாவது, முன் பிரேக். நிறுத்தும்பொழுது எடை முன்னோக்கிச் சாய்வதால், ஒரு மோட்டார் சைக்கிளை நிறுத்தும் ஆற்றலில் பெரும்பங்கு முன்சக்கரத்தைச் சார்ந்தது. அஃது இல்லாமல் பின் பிரேக்கை மட்டும் நம்பினால் நிறுத்தும் தூரம் ஏறத்தாழ இரு மடங்காகிறது. மூன்றாவது, பார்வை. உயர்ந்து நிற்கும் வண்டியின் முன்பகுதி சாலையை மறைக்கிறது. இரவாயின் முகப்பு விளக்கின் ஒளி சாலையை விட்டு வானை நோக்கிச் செல்கிறது. எதிரே சாலையைக் கடப்பவரை ஓட்டுநர் காணார். கடப்பவரும் வரும் வண்டியைச் சரியாக மதிப்பிட இயலாது. மேலும், சக்கரம் மீண்டும் தரையைத் தொடும் கணத்தில் அது சற்றே திரும்பியிருப்பினும், கைப்பிடி இருபுறமும் மூர்க்கமாக அதிர்ந்து ஓட்டுநரைத் தூக்கியெறியக்கூடும்.

'சூப்பர்மேன்' நிலையில் இழப்பு வேறுவகையினது. காற்றின் தடையைக் குறைத்து வேகத்தைக் கூட்டுவதே படுத்து ஓட்டுவதன் நோக்கம். ஆனால், கப்சாய் வகை வண்டிகளில் பின் பிரேக் வலக்காலாலும் பற்சக்கர மாற்றம் இடக்காலாலும் இயக்கப்படுவன. கால்கள் இரண்டும் பின்னே நீண்டுவிட்டபின் இவையிரண்டும் எட்டாப் பொருள்கள் ஆகின்றன. எஞ்சுவது கையால் இயக்கும் முன் பிரேக் ஒன்றே. உடலைத் தாங்கக் காலூன்றும் இடமில்லாத நிலையில் அதை வலுவாக அழுத்தினால், படுத்திருப்பவர் முன்னோக்கி வழுக்கிச் செல்வார். ஆகவே, வீலி முன் பிரேக்கைப் பறிக்கிறது. சூப்பர்மேன் பின் பிரேக்கைப் பறிக்கிறது. இரண்டிலும் ஓட்டுநர் தம் உயிரைக் காக்கும் கருவியைத் தாமே கழற்றி வைத்தவர் ஆகிறார்.

இனி வேகக் கணக்கை நோக்குவோம். மணிக்கு 90 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 25 மீட்டர். ஆபத்தைக் கண்டு கை பிரேக்கை அழுத்துவதற்குள் ஒரு நொடி கழியுமாயின், வண்டி வேகம் சிறிதும் குறையாமல் 25 மீட்டரைக் கடந்துவிடும். வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் இரு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. மலேசியாவில் 1973 முதல் கட்டாயமாக்கப்பட்டுள்ள தலைக்கவசம் எண்ணற்ற உயிர்களைக் காத்துள்ளது உண்மையே. ஆயினும், எந்தத் தலைக்கவசமும் கட்டுப்பாடற்ற வேகத்தின் முழு ஆற்றலையும் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதன்று.

இளையோரும் பார்வையாளரும்

இத்துணை ஆபத்தை அறிந்தும் இளைஞர் ஏன் ஈடுபடுகின்றனர்? அறியாமை ஒன்றே காரணம் என்பது முழுமையான விடையாகாது. அமெரிக்க உளவியலாளர்களான மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் 2005இல் வெளியிட்ட ஆய்வு இங்கு நோக்கற்பாலது. பதின்ம வயதினர், இளைஞர், வயது வந்தோர் என மூன்று பிரிவினரைக் கணினியில் வாகனமோட்டும் விளையாட்டு ஒன்றில் அவர்கள் ஈடுபடுத்தினர். சிலர் தனியாகவும் சிலர் ஒத்த வயது நண்பர் முன்னிலையிலும் விளையாடினர். நண்பர் பார்த்திருக்கையில் பதின்ம வயதினர் ஆபத்தை நாடுவது பெரிதும் கூடியது. வயது வந்தோரிடம் அத்தகைய மாற்றம் காணப்படவில்லை. ஆகவே, ரெம்பிட்டில் வண்டியும் ஓட்டுநரும் மட்டுமல்லர், சாலையோரத்தில் நின்று பார்ப்போரும் ஒரு கூறாவர். கைப்பேசியில் படம்பிடித்துப் பரப்பும் இக்காலத்தில் அப்பார்வையாளர் கூட்டம் எல்லையற்று விரிந்துவிட்டது.

ஜப்பானில் 'போசோசோக்கு' எனப்பட்ட இளையோர் மோட்டார் சைக்கிள் குழுக்களின் எண்ணிக்கை 1982இல் 42,000 பேருக்கு மேல் உயர்ந்தது. அவர்களை ஆராய்ந்த சமூகவியலாளர் இக்குயா சாத்தோ 1991இல் வெளியிட்ட தம் நூலில், அவ்வழக்கத்தைக் குற்ற மனத்தின் வெளிப்பாடாக மட்டும் கருதாமல், அன்றாட வாழ்வில் கிட்டாத கிளர்ச்சியையும் கவனத்தையும் தரும் ஒரு விளையாட்டாகக் கண்டார். அவர்களுள் பலர் இருபது வயதை நெருங்கியதும் அதைக் கைவிட்டு இயல்பான வாழ்வுக்குத் திரும்பினர். இதிலிருந்து நாம் பெறும் செய்தி ஒன்றுண்டு. பெரும்பாலோர்க்கு இது கடந்து செல்லும் ஒரு பருவம். அப்பருவத்தை உயிரோடு கடக்கச் செய்வதே சமூகத்தின் முன்னுள்ள பணி.

சட்டமும் மாற்று வழிகளும்

1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 42ஆம் பிரிவு, பொறுப்பற்ற, ஆபத்தான முறையில் வாகனமோட்டுவதைக் குற்றமாக்குகிறது. முதன்முறை குற்றத்திற்கே 5,000 முதல் 15,000 ரிங்கிட் வரை அபராதமும் ஐந்தாண்டு வரை சிறையும் விதிக்க அஃது இடமளிக்கிறது. 'சம்செங் ஜாலானான்', அதாவது சாலைக் குண்டர், என்னும் பெயர்கொண்ட காவல்துறை நடவடிக்கைகளில் பிடிபடுவோர் பலர் இப்பிரிவின்கீழ் விசாரிக்கப்படுகின்றனர்.

தண்டனையோடு மாற்று வழிகளும் முயலப்பட்டன. 2000ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் அரசியல் கட்சி ஒன்றின் இளைஞர் அமைப்பு, இவர்களை 'மாட் செமெர்லாங்', அதாவது சிறப்புமிக்கோர், எனப் பெயர் மாற்றி அரவணைக்க முயன்றது. பெயர் மாறினும் வழக்கம் மாறவில்லை. இதனினும் உறுதியான வழி பந்தயத் தளமே எனலாம். 1994இல் தொடங்கிய 'கப் பிரி' போட்டித்தொடர், அதே கப்சாய் வகை வண்டிகளுக்கு விதிகளோடும் மருத்துவ வசதியோடும் களம் அமைத்தது. அத்தொடரில் வளர்ந்த சுல்ஃபாமி கைருடின் 2012இல் செப்பாங் தளத்தில் 'மோட்டோ 3' பிரிவில் இரண்டாமிடம் பெற்றார். ஹஃபிஸ் ஷாரின் 2018இல் 'மோட்டோ ஜிபி' என்னும் உச்சப் பிரிவில் போட்டியிட்ட முதல் மலேசியர் ஆனார். எனினும், செலவும் தொலைவும் எல்லாரையும் தளத்திற்குக் கொண்டு சேர்ப்பதில்லை என்பதையும் மறுப்பதற்கில்லை.

இவ்வழக்கத்தின் நிழல் உரிமம் பெறும் வயதை எட்டாச் சிறுவர் மீதும் படிந்துள்ளது. பிரேக் நீக்கப்பட்டு, தாழ்வாக மாற்றியமைக்கப்பட்ட 'பாசிக்கால் லாஜாக்' என்னும் மிதிவண்டிகளில் அவர்கள் சூப்பர்மேன் நிலையிலேயே விரைகின்றனர். 2017 பிப்ரவரி 18ஆம் நாள் பின்னிரவில் ஜொகூர்பாருவில் இத்தகைய மிதிவண்டிகளில் சென்ற பதின்ம வயதினர் எட்டுப் பேர் கார் மோதி உயிரிழந்தனர். அக்காரை ஓட்டியவரை 2022இல் உயர்நீதிமன்றம் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது. 2023 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுவித்தது. ஆறாண்டுகள் நாடே விவாதித்த அவ்வழக்கு, சாலையில் நிகழும் ஒரு கணப்பொழுதின் விளைவு எத்தனை குடும்பங்களின் மீது எத்தனை காலம் கவிகிறது என்பதற்குச் சான்றாகும்.

தமிழில் பெயரிடுதல்

மொழியாசிரியர் என்ற முறையில் நாம் கருதவேண்டிய செய்தி ஒன்று எஞ்சியுள்ளது. இச்செயலைத் தமிழில் 'சாகசம்' என்றே பெரும்பாலும் குறிப்பிடுகிறோம். இக்கட்டுரையும் அச்சொல்லை ஆண்டுள்ளது. அச்சொல்லில் ஒரு பாராட்டு ஒளிந்துள்ளது. பெருமிதம் என்னும் மெய்ப்பாட்டுக்குக் கல்வி, தறுகண், புகழ், கொடை என நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியர் வகுத்தார். முல்லைக்கலி காட்டும் ஏறுதழுவலில் தறுகணும் புகழும் ஒருங்கே நிற்பதையும், அது குறித்த களத்தில் ஊரார் அறிய நிகழ்ந்ததையும் நாம் கற்பிக்கிறோம். அங்கே இளைஞன் பணயம் வைத்தது தன்னுயிரை மட்டுமே. பொதுச்சாலையில் முன்சக்கரத்தைத் தூக்குபவனோ, இரவுப்பணி முடித்து வீடு திரும்பும் ஒரு தாயின் உயிரையும் அவள் இசைவின்றிப் பணயம் வைக்கிறான். இவ்வேறுபாட்டை வகுப்பறையில் விளக்கினால், வீரம் என்ற சொல்லையே மாணவர் சரியாக உணர்வர். அஞ்சவேண்டியதற்கு அஞ்சுவதை வள்ளுவர் அறிவுடைமை அதிகாரத்தில் வைத்திருப்பதும் இத்தொடர்பில் எண்ணத்தக்கது.

முடிவுரை

2007 முதல் ஆரம்பப் பள்ளிகளில் சாலைப் பாதுகாப்புக் கல்வி மலாய்மொழிப் பாடத்தின் வழி அறிமுகமாயிற்று. மொழிப்பாடம் அதற்கு ஏற்ற களம் என்பதை இது உணர்த்துகிறது. தமிழ்மொழிப் பாடமும் அத்தகைய களமாகலாம். சாலை விபத்துகளைக் குறைக்கும் வழிகளை எழுதுக என்னும் வினாவுக்கு மாற்றாக, ஒரு நொடியில் 25 மீட்டர் செல்லும் வண்டியின் முன்சக்கரம் காற்றில் இருக்கையில் ஓட்டுநர் எவற்றை இழக்கிறார் என விளக்கி எழுதுக எனக் கேட்டுப் பார்க்கலாம். நண்பன் படம்பிடிக்கக் கைப்பேசியை நீட்டும்பொழுது நீ என்ன சொல்வாய் என உரையாடல் அமைக்கச் சொல்லலாம். மனப்பாடம் செய்த முழக்கம் இவ்வினாக்களுக்கு விடையாகாது. மாணவர் சிந்தித்தே ஆகவேண்டும். அச்சிந்தனை ஒரு மாணவனின் கையை ஒரேயொரு முறை தடுத்து நிறுத்தினாலும், அப்பாடவேளை தன் பயனை அடைந்ததாகும்.