உங்கள் வீடு நிலநடுக்கம் தாங்குமா? எக்செல்லில் ஒரு கணக்கு!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எக்செல்லைத் திறந்ததும் பால் கணக்கு, மளிகைக் கணக்கு போட்டுப் பார்ப்பார்கள். இந்த மாதம் கொஞ்சம் பெரிய கணக்கு ஒன்றைப் போடுவோம். நீங்கள் குடியிருக்கும் வீட்டின் கணக்கு அது.

2001-ஆம் ஆண்டு செப்டம்பர் 25-ஆம் தேதி இரவு எட்டரை மணி வாக்கில் புதுச்சேரிக்கு அப்பால் கடலுக்கடியில் நிலம் அதிர்ந்தது. ரிக்டர் அளவில் சுமார் 5.5. சென்னை வரை மக்கள் பயந்துபோய் வீட்டைவிட்டுத் தெருவுக்கு ஓடி வந்தார்கள். "நம் பக்கம் நிலநடுக்கம் வராது" என்ற நம்பிக்கை அன்று ஆட்டம் கண்டது.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 1893 என்ற விதிநூல் நாட்டை நிலநடுக்க மண்டலங்களாகப் பிரிக்கிறது. 2002-ல் வந்த திருத்தத்தில் சென்னை 2-ஆம் மண்டலத்திலிருந்து 3-ஆம் மண்டலத்துக்கு மாறியது. அந்தப் பட்டியலில் காஞ்சிபுரம் 3, புதுச்சேரி 2. அச்சரப்பாக்கம் போல இரண்டுக்கும் இடைப்பட்ட ஊர்க்காரர்கள் பெரிய எண்ணை எடுத்துக்கொள்வதே நல்லது.

இனி கணக்கு

நிலம் பக்கவாட்டில் ஆடும்போது வீட்டை எவ்வளவு விசை தள்ளும்? எக்செல்லில் புதிய ஒர்க்‌ஷீட் ஒன்றைத் திறந்து, பி நெடுவரிசையில் இவற்றை டைப் செய்யுங்கள். எது எது என்று மறக்காமலிருக்க ஏ நெடுவரிசையில் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள்.

பி1: மண்டல எண் – 0.16 (2-ஆம் மண்டலம் என்றால் 0.10)
பி2: முக்கியத்துவ எண் – 1 (சாதாரண வீடு, பள்ளி, மருத்துவமனைக்கு 1.5)
பி3: அதிர்வு எண் – 2.5 (ஓரிரு மாடி வீடுகளுக்கு)
பி4: வளைந்துகொடுக்கும் எண் – 3 (சாதாரண கான்கிரீட் தூண் வீடு)
பி5: வீட்டின் எடை, டன்னில் – 100

எடை எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஒரு கன மீட்டர் கான்கிரீட் சுமார் 2.5 டன், செங்கல் சுவர் சுமார் 2 டன். ஆயிரம் சதுர அடிக்கு ஐந்து அங்குல கனத்தில் போட்ட மேல்தளம் மட்டுமே 30 டன்னை நெருங்கும். 100 டன் என்பது உதாரணத்துக்குத்தான்.

இப்போது பி6 செல்லில் க்ளிக் செய்து இந்த ஃபார்முலாவை அடியுங்கள் (பி என்ற இடத்தில் ஆங்கில எழுத்தை அடிக்க வேண்டும்):

=(பி1/2)*(பி2/பி4)*பி3*பி5

எண்டர் தட்டினால் 6.67 என்று விடை வரும். அதாவது, விதிநூல்படி சுமார் 6.7 டன் பக்கவாட்டு விசைக்கு அந்த வீட்டை வடிவமைக்க வேண்டும்.

எண்களை மாற்றிப் பாருங்கள்

பி1-ல் 0.10 என்று மாற்றினால் விடை 4.17. அதே வீட்டுக்கு, மண்டலம் 2-லிருந்து 3-க்கு மாறியதாலேயே தாங்க வேண்டிய விசை 60 சதவீதம் கூடிவிட்டது!

மறுபடியும் 0.16 போட்டு, பி5-ஐ 160 ஆக்குங்கள். பழைய வீட்டின் மேல் மாடி எடுக்கிறீர்கள் என்று அர்த்தம். விடை 10.67. அஸ்திவாரமும் தூண்களும் பழையவையே. விசை மட்டும் ஏறுகிறது.

பி5-ஐ 100-க்குக் கொண்டுவந்து, பி4-ல் 1.5 போடுங்கள். கம்பி இல்லாத வெறும் செங்கல் சுவர் வீடு இது. விடை 13.33. அதே பி4-ல் 5 போட்டால் வெறும் 4 டன்தான்!

அந்த 5 எங்கிருந்து வருகிறது?

இங்கேதான் கவனம் தேவை. எக்செல்லில் 5 என்று அடிப்பது சுலபம். ஆனால், வீடு அந்த எண்ணுக்குத் தகுதி பெறுவது கம்பி கட்டுபவர் கையில் இருக்கிறது. ஐ.எஸ். 13920 என்ற விதிநூல் சொல்வது இது: தூணின் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குகளின் முனைகளை 135 டிகிரிக்கு, அதாவது கான்கிரீட்டின் உள்பக்கம் நோக்கி மடக்க வேண்டும். 90 டிகிரியில் விட்டால் ஆட்டத்தில் ரிங் பிரிந்துவிடும். தூணும் பீமும் சேரும் இடத்துக்கு அருகில் ரிங்குகள் 100 மி.மீ. இடைவெளிக்கு மேல் போகக்கூடாது. இப்படிக் கட்டிய தூண் வளையும், விரிசல் விடும், சட்டென்று ஒடியாது. உள்ளிருப்பவர்கள் தப்பித்துவிடலாம்.

2001 ஜனவரி 26 குஜராத் நிலநடுக்கத்தின் மையம் ஆமதாபாத்திலிருந்து 200 கி.மீ.க்கும் அப்பால். ஆனாலும் அங்கே பல அடுக்குமாடிகள் விழுந்தன. அவற்றில் பல, கார் நிறுத்துவதற்காகத் தரைத்தளத்தில் சுவரில்லாமல் வெறும் தூண்களோடு விட்டவை. இந்தப் பலவீனத்தை நம் ஃபார்முலா காட்டாது. நீங்கள்தான் கண்ணால் பார்க்க வேண்டும்.

கட்டிய வீட்டுக்கு என்ன செய்யலாம்?

செங்கல் வீடு என்றால், லிண்டல் மட்டத்தில் சுவரின் இருபுறமும் கம்பி வலை பதித்துச் சிமென்ட் பூசி, வீட்டைச் சுற்றிப் பெல்ட் போல இறுக்கலாம். மூலைகளில் சுவர்கள் பிரியாமல் அது பிடித்துக்கொள்ளும். தூண் வீடு என்றால், தூண்களைச் சுற்றிப் புதுக் கம்பி கட்டிக் கான்கிரீட் போடலாம். திறந்த தரைத்தளத்தில் தேவையான இடங்களில் சுவர் எழுப்பலாம். எதை, எங்கே என்று முடிவு செய்ய வேண்டியவர் கட்டமைப்புப் பொறியாளர்.

மேலும் படிக்க விரும்பினால், கான்பூர் ஐ.ஐ.டி.யின் 'எர்த்குவேக் டிப்ஸ்' கட்டுரைகளை இன்டர்நெட்டில் தேடி இலவசமாக டவுன்லோட் செய்யலாம். எளிய ஆங்கிலம், நிறையப் படங்கள்.

கடைசியாக ஒன்று. இது உங்களுக்குப் புரிவதற்கான கணக்கு மட்டுமே, கட்டட டிசைன் அல்ல. விதிநூலும் அவ்வப்போது திருத்தப்படுகிறது. அதனால் ஃபைலை சேவ் செய்து ஒரு பிரின்ட் எடுத்துக்கொள்ளுங்கள். மாடி எடுப்பதற்கு முன் பொறியாளரிடம் அதைக் காட்டி, "சார், பி4-ல் எங்கள் வீட்டுக்கு எந்த எண் போடலாம்?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதில் உங்கள் குடும்பத்துக்கே பாதுகாப்பு.