பழைய லொறியின் எஞ்சின் சூடேறுவது ஏன்?

அறுவடை செய்த நெல்லையும் பறித்த மரக்கறியையும் உரிய வேளையிற் சந்தை சேர்த்தல் பயிர்ச்செய்கையின் கடைசி வேலையாகும். கமக்காரர் பலர் இதற்குப் பழைய லொறிகளையே நம்பியிருக்கின்றனர். நடுவழியில் எஞ்சின் கொதித்து லொறி நின்றுவிடின் கோவாவும் லீக்சும் வெயிலில் வாடும். நெல் மழையில் நனையும். அதனிலும் பெரிய நட்டம் ஒன்றுண்டு. கொதிக்கும் எஞ்சினை மேலும் ஓட்டினால் சிலிண்டர் தலை வளையும், சிலவேளை வெடிக்கும். சிறு செலவில் தீரும் குறை ஒரு போகத்தின் ஆதாயத்தையே விழுங்கிவிடும்.

சூடேறுதல் நோயன்று, நோயின் குறியே. நெற்பயிர் மஞ்சளாவதற்கு நைதரசன் குறைவும் காரணமாகலாம், வடியாத நீரும் காரணமாகலாம். காரணம் அறிந்தே மருந்து தேடுகின்றோம். எஞ்சினுக்கும் அதுவே முறை.

எப்போது சூடேறுகின்றது?

முதலில் இதனைச் சாரதியிடம் கேட்டறிதல் வேண்டும்.

நின்றபடியோ மெதுவாகவோ ஓடும்போது சூடேறின், காற்றோட்டம் போதாது. விசிறியையும் அதன் பட்டியையும் பார்க்க.

பாரத்துடன் ஏற்றம் ஏறும்போது மட்டும் சூடேறின், றேடியேற்றரில் அடைப்பு இருத்தல் கூடும்.

புறப்பட்ட சிறிது நேரத்திலேயே சூடேறின், நீர் குறைந்திருக்கலாம். அல்லது தேமோஸ்ரற் திறவாதிருக்கலாம்.

சோதிக்கும் ஒழுங்கு

செலவில்லாதவற்றை முதலிலும் செலவு மிக்கவற்றை இறுதியிலும் பார்த்தல் வேண்டும். எஞ்சின் நின்று நன்கு ஆறிய பின்னரே கை வைக்க.

1. நீர்மட்டமும் எண்ணெய்மட்டமும்: நீர் குறைந்திருப்பின் இறப்பர் குழாய்கள், நீர்ப்பம்பு, றேடியேற்றரின் அடிப்பாகம் ஆகியவற்றிற் கசிவைத் தேடுக.

2. றேடியேற்றரின் முகம்: பதரும் தூசியும் பூச்சிகளும் தகடுகளின் இடையில் அடைந்து காற்றைத் தடுக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்புறமாக நீரை மெல்லப் பாய்ச்சிக் கழுவுக. சூடடிப்புக் காலத்தில் லொறி ஒன்றின் சிலிண்டர் தலையைக் கழற்ற நாளுங் குறித்திருந்தனர். பதரைக் கழுவியதும் அதன் குறை நீங்கிற்று.

3. விசிறிப் பட்டி: இரு கப்பிகளுக்கும் நடுவே பெருவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ அரை அங்குலம் தாழ்தல் வேண்டும். அதனிலும் தளர்ந்திருப்பின் இறுக்குக, வெடித்திருப்பின் மாற்றுக.

4. அமுக்க மூடி: கடல்மட்டத்தில் நீர் 100 பாகை செல்சியசிற் கொதிக்கும். 1,800 மீற்றருக்கு மேல் உயரமுள்ள நுவரெலியாவில் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கும். றேடியேற்றர் மூடி உள்ளே அமுக்கத்தைப் பேணி, நீர் எளிதிற் கொதியாது தடுக்கின்றது. அதன் இறப்பர் வளையம் பழுதாயின் மூடியை மாற்றுக. மலைநாட்டு லொறிகளுக்கு இது மிக முக்கியம்.

5. தேமோஸ்ரற்: இதனைக் கழற்றி, நூலிற் கட்டி, பாத்திரத்து நீரிலே தொங்கவிட்டு நீரைச் சூடாக்குக. நீர் கொதிக்குமுன் அது திறத்தல் வேண்டும். திறவாதாயின் புதியது பூட்டுக. தேமோஸ்ரற் இல்லாமலே ஓட்டுதல் சிலரது வழக்கம், அது தகாது. போதிய சூடின்றி ஓடும் எஞ்சின் விரைவில் தேயும். சில எஞ்சின்களில் நீர் றேடியேற்றருக்குச் செல்லாது குறுக்குவழியே சுற்றி, சூடு கூடவுஞ் செய்யும்.

6. உள்ளடைப்பு: எஞ்சினைச் சிறிது நேரம் ஓட்டி நிறுத்தியபின் றேடியேற்றரின் முகத்தருகே கையைக் கொண்டுசெல்க. ஓரிடம் சூடாகவும் வேறோரிடம் குளிர்ந்தும் இருப்பின், குளிர்ந்த இடத்துக் குழாய்கள் அடைபட்டுள்ளன.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லினூடே ஊறி வருவது. கேத்திலின் அடியிற் படியும் அதே வெண்படை றேடியேற்றரின் ஒடுங்கிய குழாய்களிலும் படியும். கூலன்ற் ஊற்றுதல் சிறந்தது. இயலாவிடின் சேகரித்த தூய மழைநீரை ஊற்றுக.

இவை யாவும் செவ்வையாக இருந்தும் சூடேறின், பிறேக் பிடித்தபடி உள்ளதா எனப் பார்க்க. சக்கரங்கள் தடையின்றிச் சுழலாவிடின் எஞ்சின் வீணே உழைக்கும்.

அபாயக் குறிகள்

கசிவு காணப்படாமலே நீர் குறைதல், எஞ்சின் ஓடுகையில் றேடியேற்றரில் இடைவிடாது குமிழி எழுதல், எண்ணெய் பாற்றேநீர் நிறமாதல், புகைக்குழாயில் ஓயாது வெண்புகை வருதல் ஆகியன சிலிண்டர் தலையின் கீழுள்ள கஸ்கெற் பழுதுற்றதைக் காட்டும். இக்குறிகளைக் கண்டபின் லொறியை ஓட்டாது, தேர்ந்த திருத்துநரிடம் காட்டுக.

வழியிற் கொதித்தால்

உடனே ஓரமாக நிறுத்துக. சூடாயிருக்கையில் மூடியைத் திறவாதீர்கள். பீறிடும் கொதிநீர் முகத்தையும் கண்களையும் அவித்துவிடும். அரை மணிக்குக் குறையாமற் காத்திருந்து, தொட்டுப் பார்த்துச் சூடு தணிந்ததை அறிந்தபின், தடித்த ஈரச் சாக்கினால் மூடியைப் பற்றிச் சிறிது சிறிதாகத் திருப்புக. சூடான எஞ்சினிற் குளிர்நீர் ஊற்றினால் இரும்பு வெடிக்கும்.

சந்தைக்குப் பிந்திய ஒரு மணி நேரம் ஒரு நாளின் விலையைக் குறைக்கக்கூடும். எரிந்த எஞ்சின் அடுத்த போகத்தின் விதைநெற் பணத்தையும் கொண்டுபோய்விடும். ஆதலின், ஊசி சிவப்பைத் தொட்டதும் லொறியை நிறுத்துவதே இலாபமாகும்.