தூனேரிக்காரருக்கு ஓர் இடம்

நீலகிரியில் எருமை மேய்த்து வாழும் தோடர்கள் கூடி வழக்குத் தீர்க்கும் சபைக்கு நைம் என்று பெயர். 1901-02இல் நீலகிரியில் தங்கி ஆராய்ந்த டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ், 1906இல் வெளியிட்ட தோடர் பற்றிய நூலில் இந்தச் சபையின் அமைப்பை விவரிக்கிறார். குறிப்பிட்ட சில தோடர் குலத்தாருக்கு அதில் இடம் உண்டு. அவர்களோடு தூனேரியைச் சேர்ந்த படகர் ஒருவருக்கும் இடம் உண்டு. படகர் நாக்குபெட்டா என்று அழைக்கும் நீலகிரி முழுமைக்குமான படகர் தலைமைக்குரிய ஊர் தூனேரி. அந்த ஊர்க்காரர் தோடர் சபையில் உட்கார்ந்திருந்தார் என்றால், மேய்ச்சல் தகராறு முற்றும் முன்பே இரண்டு தரப்பும் ஒரே இடத்தில் பேசிக்கொள்ள வழி இருந்தது என்று பொருள்.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அறுவடையில் தோடருக்குப் படகர் கொடுத்துவந்த தானியப் பங்கைப் பற்றி மனத்தாங்கல் இருந்தது. குறும்பர் கதை அதைவிடக் கொடியது. சூனியம் வைத்தார்கள் என்று பழி சுமத்தி 19ஆம் நூற்றாண்டில் அவர்களைக் கூட்டமாகக் கொன்றிருக்கிறார்கள். 1930களில், இனிமேல் எங்கள் சாவுச் சடங்குக்குக் கோத்தர் இசை வேண்டாம் என்று படகரில் ஒரு பகுதியினர் சொன்னபோது தலைமுறை தலைமுறையாக இருந்த உறவு முறிந்தது. அதற்காகப் படகரே இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். நைமில் குறும்பருக்கு இருக்கை இருந்ததாக ரிவர்ஸ் எழுதவில்லை. மலையில் அமைதி தானாக விளைந்ததில்லை என்பதற்கு எனக்கு இந்த ஒரு குறிப்பே போதும்.

இன்று நிலைமை என்ன? ஊட்டி தாவரவியல் பூங்காவுக்கு மேலே சரிவில் ஒரு மந்து, அதாவது தோடர் குடியிருப்பு, இருக்கிறது. சுற்றுலா வருபவர்கள் அங்கே படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். நகரத்தைத் தாண்டிப் போனால் பல மந்துகளின் வேலிவரைக்கும் கேரட்டும் உருளைக்கிழங்கும் வந்துவிட்டன. தோடர் பட்டா நிலத்தை விற்க முடியாது; அதனால் குத்தகைக்குப் போகிறது. குத்தகை எடுப்பவர்களில் படகர்களும் உண்டு. வாய்ப்பேச்சாக முடிந்த குத்தகை, பாத்திக்குள் இறங்கிவிட்ட எருமை, விடாத மழை: ஒரு சண்டைக்கு இவ்வளவு போதும்.

மிச்சமிருந்த புல்வெளியை விழுங்கியவர்கள் வேறு. வெள்ளையர் காலத்திலேயே சீகையும் கற்பூர மரமும் வந்துவிட்டன. சுதந்திரத்துக்குப் பிறகு புல்வெளிகளில் அவற்றை அரசே பெரிய அளவில் நட்டது. கனடா உதவியோடு வந்த குந்தா மின்திட்டத்தின் அணைகள் பள்ளத்தாக்குகளை மூழ்கடித்தன. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கின. ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருந்தது. மேய்ச்சல்காரரைக் கேட்டுச் செய்தது எதுவும் இல்லை.

2022 மார்ச்சில் தமிழகக் காடுகள் அனைத்திலும் கால்நடை மேய்ச்சலுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. சில நாட்களில் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று அதைச் சுருக்கிக்கொண்டது. முக்கூர்த்தி தேசியப் பூங்காவும் முதுமலை புலிகள் காப்பகமும் இருக்கும் மாவட்டத்தில் அந்தச் சுருக்கம் பெரிய ஆறுதல் இல்லை. உள்ளே போக முடியாத மாடு வெளியே இருக்கும் துண்டு நிலத்துக்குத்தான் வரும்; அங்கே ஏற்கெனவே பக்கத்து ஊர் மாடு மேய்ந்துகொண்டிருக்கும்.

நான் அதிகம் அஞ்சுவது சட்டம் போட்டிருக்கும் கோட்டுக்கு. 2006 வன உரிமைச் சட்டம் மேய்ச்சலைச் சமூக உரிமையாக ஏற்கிறது. தோடரும் கோத்தரும் பட்டியல் பழங்குடியினர். 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து காட்டில் வாழ்ந்தவர்கள், அதைச் சார்ந்தவர்கள் என்றால் போதும். படகர் அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலில் சேர்க்க வேண்டும் என்ற அவர்களின் கோரிக்கை பல பத்தாண்டுகளாக நிற்கிறது. ஆகவே அவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். ஒரே புல்வெளி, ஒரே ஓடை, இரண்டு அளவுகோல். இந்தக் கோட்டை வைத்து அரசியல் செய்வது எளிது. மணிப்பூரில் 2023 மே 3 அன்று வெடித்த மோதலுக்கு உடனடிப் பொறியாக அமைந்ததும் பழங்குடிப் பட்டியலில் யாரைச் சேர்ப்பது என்ற கேள்விதான். நீலகிரியில் அந்த அளவு பகை இன்று இல்லை. பேச வேண்டிய நேரம் அதனால்தான் இது.

யார் பேசுவது? 2011 கணக்கெடுப்பில் தோடர் சுமார் 2,000 பேர். அவர்களின் மொத்த வாக்கும் ஒன்றிரண்டு வாக்குச்சாவடிகளில் அடங்கிவிடும். தமிழகத்தின் 234 சட்டமன்றத் தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கியவை ஏற்காடும் சேந்தமங்கலமும் மட்டும். நீலகிரியில் ஒன்றும் இல்லை. ஊட்டியிலும் குன்னூரிலும் வேட்பாளர் படகர் ஊர்களான ஹட்டிகளின் வாக்கை எண்ணாமல் அசைய மாட்டார். வாக்கு எண்ணிக்கை மட்டும் பேசும் இடத்தில் நடுவராக நிற்க எந்தக் கட்சிக்காரருக்கும் அவசரம் இருக்காது.

கட்சிக்காரரை எதிர்பார்க்காமல் பேச்சு தொடங்கிய இடமும் உண்டு. கென்யாவின் வடகிழக்கில் வஜீர் மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் வறட்சியும் மேய்ச்சல் பகையும் சேர்ந்து பல உயிர்களைப் பலிகொண்டன. அங்கே முதலில் எழுந்தவர்கள் பெண்கள். எந்தக் குலத்தைச் சேர்ந்தவளும் சந்தையில் தடையில்லாமல் வாங்கலாம், விற்கலாம் என்பதில் தொடங்கினார்கள். பிறகு பெரியவர்கள் உட்கார்ந்தபோது, பெரிய குலங்களுக்கு நடுவில் பேச முன்வந்தவர்கள் சிறிய குலத்தாரே. 1993இல் உடன்பாடு பிறந்தது. அதன் பிறகுதான் மாவட்ட நிர்வாகம் இப்படி உருவான அமைதிக் குழுவைத் தன் அமைப்போடு சேர்த்துக்கொண்டது.

நம்மிடமும் எழுதிய வழி இருக்கிறது. வன உரிமைச் சட்ட விதிகளின் 12ஆம் விதி, ஒரே காட்டை ஒன்றுக்கு மேற்பட்ட கிராம சபைகள் பயன்படுத்தினால் அவற்றின் வன உரிமைக் குழுக்கள் கூட்டாக உட்கார்ந்து பேசி, முடிவை எழுத்தில் தர வேண்டும் என்கிறது. மாவட்ட ஆட்சியரும், மூன்று சட்டமன்ற உறுப்பினர்களும், தூனேரிப் பெரியவர்களும் மந்துகளுக்குப் போய் அந்தக் கூட்டு அமர்வைக் கூட்ட வேண்டும். குறும்பரும் இருளரும் அதில் இருக்க வேண்டும். அந்த விதிகள் 2008 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன.