பாரத்தை முதலில் நிறுங்கள், வாகனத்தைப் பிறகு பாருங்கள்

சென்ற மாதம் சிட்னி டூங்காபியில் ஒரு பிறந்தநாள் விழா. கேக் வெட்டி முடிந்து எல்லோரும் சாப்பாட்டுத் தட்டோடு நின்றபோது ஒரு தம்பி என்னிடம் வந்தார். இந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருடம். மூன்று பிள்ளைகள், கூடவே மாமாவும் மாமியும். வார நாட்களில் தொழிற்சாலை வேலை, வாரயிறுதியில் புல்லு வெட்டும் வேலை. புல்லு வெட்டும் இயந்திரங்களை ஏற்றி இறக்க ஒரு சின்ன ட்ரெயிலர் வைத்திருக்கிறார்.

"அண்ணை, ஒரு பெரிய ஜீப் பாத்திருக்கிறன். ஏழு பேர் இருக்கலாம். மூவாயிரம் கிலோ இழுக்குமாம். முப்பதாயிரம் சொல்லுறாங்கள், கடனும் தாறாங்களாம். வாங்கட்டோ?"

"தம்பி, நீர் இழுக்கிற பாரம் எவ்வளவு?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "அதை ஆர் அண்ணை நிறுத்துப் பாத்தது?"

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தப் பதில்தான். புதிதாக வந்து குடியேறிய நமது குடும்பங்களுக்கு வாகனம் என்பது ஆடம்பரம் அல்ல. வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் அதுதான் கால். பலருக்கு அதுவே தொழிலும்கூட. சமையல் ஒப்பந்தம் எடுப்பவர்கள், புல்லு வெட்டுபவர்கள், துப்புரவு வேலை செய்பவர்கள், சந்தையில் கடை போடுபவர்கள் எல்லோருக்கும் பின்னால் ஒரு ட்ரெயிலர் வேண்டியிருக்கிறது. ஒரே வாகனம் குடும்பத்தையும் ஏற்றவேண்டும், பாரத்தையும் இழுக்கவேண்டும், கையில் உள்ள காசுக்குள்ளும் அடங்கவேண்டும். அப்படி ஒன்றைத் தேடும்போது எதை முதலில் பார்ப்பது?

மவுண்ட் ஔஸ்லி இறக்கத்தில் படித்த பாடம்

நான் இதைப் புத்தகத்தில் படிக்கவில்லை. 2013ஆம் ஆண்டு வொலொங்கொங்கில் ஒரு கல்யாணத்துக்கு நானும் மனைவியும் சமையல் ஒப்புக்கொண்டிருந்தோம். எங்களிடம் ஒரு பழைய ஏழு இருக்கை ஜீப் இருந்தது. பின்னால் நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய ட்ரெயிலர். அதில் பெரிய கிடாரங்கள், அடுப்புகள், அரிசி மூட்டைகள், மடிக்கும் மேசைகள், தண்ணீர்க் கலன்கள். போன உடனே முதலில் இறக்கவேண்டியவை என்று பாரமான சாமான்களை எல்லாம் ட்ரெயிலரின் பின்பக்கம் ஏற்றினேன். மூன்று பிள்ளைகளும் வாகனத்தில் இருந்தார்கள்.

மவுண்ட் ஔஸ்லி இறக்கம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். மலையிலிருந்து கடற்கரைக்கு நீளமாக இறங்கும் வீதி. லொறிகள் மெதுவாக ஊர்ந்து இறங்கும். அந்த இறக்கத்தில் ட்ரெயிலர் இடமும் வலமும் ஆடத் தொடங்கியது. பயத்தில் பிறேக்கை ஓங்கி மிதித்தேன். ஆட்டம் கூடியது. ஜீப்பின் பின்பக்கத்தையே அது இழுத்து அசைத்தது. பின்னால் இருந்த கடைக்குட்டி, "அப்பா, விளையாட்டுக் காட்டுறியளோ?" என்று கேட்டாள். என்ன நினைத்தேனோ தெரியாது, பிறேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டேன். வேகம் குறைய ஆட்டமும் குறைந்தது. கீழே வந்து ஓரமாக நிறுத்தியபோது என் கை நடுக்கம் நிற்கப் பத்து நிமிடம் பிடித்தது.

அடுத்த வாரம் அதே சாமான்களை ஏற்றிக்கொண்டு, லொறிகளை நிறுக்கும் பொதுத் தராசு ஒன்றுக்குப் போனேன். ட்ரெயிலர் மட்டும் 980 கிலோ. அந்த ட்ரெயிலருக்குத் தனியாகப் பிறேக் கிடையாது. சட்டப்படி அது 750 கிலோவுக்கு மேல் போயிருக்கவே கூடாது.

நான் செய்த பிழைகள் இரண்டு. ஒன்று, பாரம் தெரியாமல் இழுத்தது. மற்றது, பாரத்தைப் பின்னால் ஏற்றியது. ட்ரெயிலரின் மொத்தப் பாரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வாகனத்தின் கொக்கியில், அதாவது டோ பாரின் உருண்டையில், கீழ்நோக்கி அழுத்தவேண்டும். பாரம் பின்னால் போனால் அந்த அழுத்தம் குறைந்து ட்ரெயிலர் வால் ஆட்டத் தொடங்கும். பாரமானவற்றை அச்சுக்கு மேலும் சற்று முன்னாலும் தாழ்வாக வையுங்கள். ஆட்டம் வந்துவிட்டால் பிறேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கை வெட்டாதீர்கள். காலை எடுத்து, நேராகப் பிடித்து, வேகம் தானாகக் குறைய விடுங்கள்.

சட்டம் சொல்லும் மூன்று படிகள்

ட்ரெயிலரின் பாரத்தை மூன்று படியாகப் பிரித்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, 750 கிலோ வரை. ட்ரெயிலருக்குப் பிறேக் தேவையில்லை. ஆறடிக்கு நாலடிச் சாதாரணப் பெட்டி ட்ரெயிலர் இந்த வகை. வெறும் ட்ரெயிலரே 200 முதல் 250 கிலோ வரை இருக்கும். ஆகவே சாமான் ஏற்ற மிஞ்சுவது 500 கிலோ அளவுதான். சில சிறிய வாகனங்களுக்கு இந்த எல்லை 750இலும் குறைவு. வாகனத்தின் கைநூலைப் பாருங்கள்.

இரண்டாவது, 750க்கு மேல் 2000 கிலோ வரை. ட்ரெயிலரின் ஓர் அச்சிலாவது இரண்டு சக்கரத்துக்கும் பிறேக் இருக்கவேண்டும்.

மூன்றாவது, 2000 கிலோவுக்கு மேல். எல்லாச் சக்கரத்துக்கும் பிறேக் வேண்டும். ட்ரெயிலர் கழன்று போனால் தானாகவே பிறேக் பிடிக்கும் அமைப்பும் வேண்டும்.

இன்னொன்று. நியூ சவுத் வேல்ஸில் எல் போர்டுடன் பழகுபவர் ட்ரெயிலர் இழுக்கவே கூடாது. சிவப்பு பி போர்டு வைத்திருப்பவர், வெறுமையாக 250 கிலோவுக்கு மேற்பட்ட ட்ரெயிலரை இழுக்கக் கூடாது. மகனோ மருமகனோ அவசரத்துக்கு ஓட்டட்டும் என்று திறப்பைக் கொடுப்பதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

விளம்பரம் சொல்லாத கணக்கு

"3000 கிலோ இழுக்கும்" என்று விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும். அது உண்மைதான். ஆனால் ஏழு பேரை ஏற்றிக்கொண்டு அவ்வளவையும் இழுக்கலாம் என்று அதற்குப் பொருள் இல்லை. நம்மவர் பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

ஒவ்வொரு வாகனத்துக்கும் அது தாங்கக்கூடிய மொத்த நிறை ஒன்று உண்டு. ஜீ.வீ.எம். என்பார்கள். அதிலிருந்து வாகனத்தின் சொந்த நிறையைக் கழித்தால் வருவது, நீங்கள் உள்ளே ஏற்றக்கூடிய பாரம். கொக்கியில் ட்ரெயிலர் அழுத்தும் பாரமும் இதற்குள்தான் அடங்கவேண்டும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஏற்றக்கூடிய பாரம் 600 கிலோ என்று வையுங்கள். பெரியவர்கள் நான்கு பேர், ஆளுக்கு 70 கிலோ வீதம் 280. பிள்ளைகள் மூவர், ஆளுக்கு 30 வீதம் 90. டோ பார் பூட்டிய நிறை 35. பைகளும் சாப்பாடும் 80. இதுவரை 485. இனி 1500 கிலோ ட்ரெயிலரைப் பூட்டினால் கொக்கியில் 150. மொத்தம் 635. எல்லை தாண்டிவிட்டது! இழுப்பதோ விளம்பரத்தில் சொன்னதில் பாதிதான்.

எல்லை மீறிய பாரத்தோடு விபத்து நடந்தால் காப்புறுதி நிறுவனம் காசு தர மறுக்க இடமுண்டு. அப்போது நமது வாகனத்துக்கு மட்டுமல்ல, மற்றவருடைய வாகனத்துக்கும் நாமே கொடுக்க நேரிடலாம்.

எந்தப் பாரத்துக்கு எது?

உங்கள் ட்ரெயிலர் முதலாவது படிக்குள் இருந்தால் பெரிய ஜீப் தேவையே இல்லை. குடும்பம் ஐந்து பேருக்குள் என்றால் சுபாரு ஃபொரெஸ்டர் போன்ற நடுத்தர வாகனம் போதும். ஏழு பேர் என்றால் கியா கார்னிவல் போன்ற வானைப் பாருங்கள். ஜீப் போல மிடுக்காக இராது. ஆனால் மூன்றாவது வரிசையில் பெரியவர்களும் வசதியாக இருக்கலாம், பின்னால் சாமானுக்கும் இடமுண்டு. 2015இலிருந்து வந்த கார்னிவல், பிறேக் உள்ள ட்ரெயிலரை 2000 கிலோ வரை இழுக்கும்.

இரண்டாவது படிக்கு ரொயோட்டா க்ளூகர் நல்ல தெரிவு. 2007க்குப் பின் வந்த ஆறு சிலிண்டர் பெற்றோல் மொடல்கள் 2000 கிலோ இழுக்கும். பெற்றோல் குடிப்பது மட்டும் அதிகம்.

மூன்றாவது படி என்றால்தான் பிராடோ, பஜெரோ போன்ற கனமான வாகனங்கள் வேண்டும். 2017 பிற்பகுதிக்கு முந்திய பிராடோ 2500 கிலோ. அதன்பின் வந்த டீசல் ஓட்டோமட்டிக் 3000 அல்லது அதற்கு மேல். பஜெரோவும் 3000 இழுக்கும். ஆனால் 2500 கிலோவுக்கு மேல் போனால் அதன் கொக்கியில் அனுமதிக்கும் அழுத்தம் 250இலிருந்து 180 கிலோவாகக் குறைந்துவிடும்.

பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ரொயோட்டா ராவ் 4ஐ எடுங்கள். 2019இல் வந்த மொடலில் நான்கு சக்கரமும் இழுக்கும் ஹைபிரிட் 1500 கிலோ இழுக்கும். இரு சக்கர ஹைபிரிட்டோ 480 கிலோ மட்டுமே! வெளியே நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

டீசல் இழுவைக்கு நல்லது. ஆனால் புதிய டீசல் வாகனங்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. பள்ளிக்கூடம், கடை, ரயில் நிலையம் என்று குறுந்தூரமே ஓடினால் அது அடைத்துக்கொள்ளும். இடைக்கிடை நெடுஞ்சாலையில் ஓடினால்தான் எரிந்து சுத்தமாகும். மாற்றுவதென்றால் பெருஞ்செலவு. தினமும் ஐந்து கிலோமீற்றர் ஓடுபவருக்குப் பெற்றோலே மேல்.

பிள்ளைகளின் இருக்கை

ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள், வயதுக்கும் உயரத்துக்கும் ஏற்ற அங்கீகரிக்கப்பட்ட பிள்ளை இருக்கையில் இருக்கவேண்டும் என்பது சட்டம். நான்கு வயதுக்குக் குறைந்தவர்கள், பின்வரிசை உள்ள வாகனத்தில் முன்னால் இருக்கக் கூடாது. பல ஏழு இருக்கை வாகனங்களில் மூன்றாவது வரிசையில் பிள்ளை இருக்கையின் பட்டியைக் கொளுவ இடமே இல்லை. விலை பேசுவதற்கு முன் உங்களிடம் உள்ள பிள்ளை இருக்கைகளைக் கொண்டுபோய் அங்கேயே பூட்டிப் பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

பழைய வாகனம் வாங்கும்போது

முதல் வேலையாக, அரசாங்கத்தின் பி.பி.எஸ்.ஆர். பதிவேட்டில் வாகனத்தின் அடிச்சட்ட இலக்கத்தைக் கொடுத்துப் பாருங்கள். கட்டணம் இரண்டு டொலர்தான். கடன் நிலுவையில் இருக்கிறதா, களவுபோனதா, விபத்தில் கழிக்கப்பட்டதா என்று காட்டும். முந்திய சொந்தக்காரர் கடன் கட்டாவிட்டால், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வாகனத்தையே கடன் கொடுத்தவர் எடுத்துக்கொண்டு போகலாம்.

அடுத்தது, விற்பவருக்குத் தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவரிடம் காட்டுங்கள். ஏற்கெனவே டோ பார் பூட்டிய வாகனம் என்றால், என்ன இழுத்தீர்கள் என்று விற்பவரிடம் கேளுங்கள். பல வருடம் பெரிய கரவன் இழுத்த வாகனத்தின் கியர்ப்பெட்டி களைத்திருக்கும். கியர் எண்ணெய் கருத்து, கருகிய மணம் வந்தால் விட்டுவிடுங்கள்.

நியூ சவுத் வேல்ஸில் பத்து வருடத்துக்கும் 160,000 கிலோமீற்றருக்கும் உட்பட்ட சாதாரண வாகனத்தை அனுமதி பெற்ற டீலரிடம் வாங்கினால், மூன்று மாதம் அல்லது 5000 கிலோமீற்றர், எது முந்துகிறதோ அதுவரை, சட்டப்படி உத்தரவாதம் உண்டு. தனியாரிடம் வாங்கினால் அது இல்லை. விலை குறையும், ஆபத்து கூடும். 45,000 டொலருக்குக் குறைந்த வாகனத்துக்கு நூற்றுக்கு மூன்று டொலர் வீதம் முத்திரை வரியும் உண்டு. அதையும் எடுத்துவைத்துவிட்டு விலை பேசுங்கள்.

கடன் என்கிற இரண்டாவது ட்ரெயிலர்

30,000 டொலரை 12 வீத வட்டிக்கு ஐந்து வருடத்துக்கு எடுத்தால் மாதம் ஏறக்குறைய 667 டொலர். முடிவில் கட்டியிருப்பது 40,000. வட்டி மட்டும் 10,000! அதே கடன் 15,000 என்றால் மாதம் 334. மிஞ்சும் 333 டொலர் ஊரில் உள்ள அம்மாவுக்கு அனுப்பவும் பிள்ளையின் ட்யூஷனுக்கும் உதவும். "மாதக் கட்டணம் குறைவு" என்று சொன்னால், கடைசியில் ஒரே தடவையில் கட்டவேண்டிய பெருந்தொகை ஏதும் இருக்கிறதா என்று கேளுங்கள். அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். கடதாசியை வீட்டுக்குக் கொண்டுவந்து, விளங்கிய ஒருவரிடம் காட்டுங்கள்.

வருடத்தில் இரண்டு தரம் மட்டும் பெரிய பாரம் இழுப்பதென்றால் அந்த நாளுக்கு ஒரு லொறியை வாடகைக்கு எடுங்கள். இரண்டு நாள் தேவைக்காக 363 நாளும் பெற்றோல் ஊற்றவேண்டாம். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

தம்பியின் கணக்கு

அந்தத் தம்பி அடுத்த சனிக்கிழமை தராசுக்குப் போனார். இயந்திரங்கள், பெற்றோல் கலன், வெட்டிய புல்லு எல்லாம் சேர்த்து ட்ரெயிலர் 620 கிலோ. கொக்கியில் எவ்வளவு அழுத்துகிறது என்பதை வீட்டில் ஆட்கள் ஏறி நிற்கும் தராசை, ட்ரெயிலரின் முன் தலைக்குக் கீழே பலகை வைத்து உயர்த்திப் பார்த்தார். 64 கிலோ. சரியாகத்தான் ஏற்றியிருக்கிறார்.

முப்பதாயிரம் டொலர் ஜீப்பை அவர் வாங்கவில்லை. இப்போது 14,000 டொலருக்குள் ஒரு பழைய கார்னிவல் தேடிக்கொண்டிருக்கிறார். மாமிக்குக் காலை உயர்த்தி ஏறக் கஷ்டமில்லை என்பது அவருடைய மனைவி சொன்ன காரணம். நான் எழுதிய எல்லாவற்றிலும் அதுதான் நல்ல காரணம் என்று எனக்குப் படுகிறது.

வாகனம் பார்க்கப் போகும் அன்பர்களே, போவதற்கு முன் ஒரு துண்டுக் கடதாசியில் மூன்று விடயங்களை எழுதிக்கொள்ளுங்கள்: வீட்டில் எத்தனை பேர், ட்ரெயிலர் எத்தனை கிலோ, மாதம் எவ்வளவு கட்டலாம். அந்தத் துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள்.