ஆபரேஷன் முதுகுக்கா, காலுக்கா?

ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்த எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் கைக்கு வந்துவிட்டது. இடுப்பில் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே சவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று எழுதியிருக்கிறது. "ஆபரேஷன் செய்யலாம், வீட்டில் கலந்து பேசிவிட்டு வாங்க" என்கிறார் டாக்டர். சொந்த ஊரான சுங்காய்க்குத் திரும்பி வந்தால் ஆளுக்கொரு பேச்சு. "முதுகில் கத்தி வச்சா அப்புறம் எழுந்து நடக்க முடியாதுக்கா" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். "எதுக்கு இழுத்தடிக்கிறீங்க, வெட்டி எடுத்துட்டா நிம்மதிதானே" என்கிறார் மருமகன். இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் தூக்கமில்லாமல் படுத்திருக்கிறவருக்காக இதை எழுதுகிறேன்.

முடிவெடுப்பதற்கு முன்னால் ஒன்று தெளிவாக வேண்டும். சவ்வு விலகலுக்கான ஆபரேஷன் கால் வலியைப் போக்கத்தான் செய்யப்படுகிறது. வெறும் முதுகு வலிக்கு அது மருந்து அல்ல. இதை யாரும் எடுத்துச் சொல்லாததால், கால் வலி போன பிறகும் "முதுகு இன்னும் வலிக்குதே, ஆபரேஷன் பலிக்கலை" என்று மனம் உடைந்து போகிறவர்கள் உண்டு.

இடுப்பெலும்பு ஒவ்வொன்றுக்கும் நடுவே டிஸ்க் என்கிற சவ்வு இருக்கிறது. வெளியே கெட்டியான நார் வளையம், உள்ளே கூழ். வளையம் கிழிந்து கூழ் பின்பக்கம் பிதுங்கினால், அங்கே இறங்கும் நரம்பு வேரை அழுத்துவதோடு அதைப் புண்ணாக்கி வீங்கவும் வைக்கும். அந்த வேர்கள் ஒன்றுசேர்ந்து சயாட்டிக் நரம்பாகி, பிட்டம், தொடை வழியாகக் கெண்டைக்காலுக்கும் பாதத்துக்கும் போகின்றன. வாசலில் பொத்தானை அழுத்தினால் அடுப்படியில் மணி அடிக்கிற மாதிரி, அழுத்தம் இடுப்பில், வலி காலில். கெண்டைக்காலில் கோடாலித் தைலத்தைப் பாட்டில் பாட்டிலாகத் தேய்த்தும் கேட்காததற்குக் காரணம் இதுதான். பாஸ்டன் நகரத்து மருத்துவர்களான மிக்ஸ்டரும் பாரும் 1934இல் இந்தத் தொடர்பை நிறுவிக் காட்டினார்கள். சவ்வு ஆபரேஷன் பரவலானது அதற்குப் பிறகுதான்.

வலி எங்கே இருக்கிறது என்று உங்களையே சோதித்துப் பாருங்கள். இருமினால், தும்மினால் காலில் சுரீரென்று இழுக்கிறதா? மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்காமல் வேறொருவர் காலை மெல்லத் தூக்கும்போது முழங்காலுக்குக் கீழே வரை வெட்டி இழுக்கிறதா? அப்படியானால் நரம்பு மாட்டியிருக்க வாய்ப்பு அதிகம். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலால் நான்கு எட்டு நடங்கள், பிறகு நுனிக்காலால் நான்கு எட்டு. ஒரு கால் மட்டும் தொய்ந்து விழுந்தால் நரம்பு பலவீனமாகியிருக்கிறது, அதைத் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் சொல்லவேண்டும். வலி இடுப்போடு நின்று காலுக்கு இறங்கவே இல்லை என்றால் சவ்வை வெட்டுவதால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

அறுபதைத் தாண்டியவர்களுக்கு வேறொரு கதையும் உண்டு. கொஞ்ச தூரம் நடந்ததும் இரண்டு கால்களும் கனத்து மரத்துப் போகும், உட்கார்ந்தால் சரியாகிவிடும். ஆனால் கடையில் தள்ளுவண்டி மேல் சாய்ந்துகொண்டு எவ்வளவு நேரமும் நடக்க முடியும். இது நரம்புகள் இறங்கும் குழாயே வயதில் சுருங்கிப்போவதால் வருவது. இதற்கு ஆபரேஷன் வேறு, கணக்கும் வேறு. உங்களுக்கு இருப்பது எது என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்.

நம் பெரியவர்களின் முதுகைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. விடியுமுன் ரப்பர் தோட்டத்து நிரையில் இறங்கி 400, 500 மரம் பால் வெட்டியவர்கள் அவர்கள். புது மரத்தில் வெட்டு நெஞ்சு உயரத்தில் இருக்கும். வருஷம் போகப் போக அது கீழே இறங்கும், வெட்டுகிறவரின் முதுகும் கூடவே இறங்கும். அடிவெட்டில் ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே வைத்து, இடுப்பை வளைத்துத் திருப்பி, உளியைப் பட்டையோடு இழுத்துக்கொண்டே மரத்தைச் சுற்றி நகர வேண்டும். பிறகு பால் சேர்த்து, தோளில் சுமக்கும் காண்டா கம்பில் இரண்டு வாளியைத் தொங்கவிட்டு மேடு பள்ளத்தில் நடக்க வேண்டும். இன்று அந்தக் காடுகள் பெரும்பாலும் செம்பனை ஆகிவிட்டன. 10 முதல் 25 கிலோ வரை இருக்கும் குலையைக் குத்தித் தூக்குவதும் அதே இடுப்புதான். இருந்தாலும் எல்லாப் பழியையும் வேலைமேல் போட முடியாது. பின்லாந்தில் இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள், சவ்வு தேய்வதில் பிறவிக் கூறுக்கே பெரிய பங்கு என்று காட்டின. "நான் அப்படி உழைக்காமல் இருந்திருந்தால்" என்று குமைகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி அந்த ரிப்போர்ட். எம்.ஆர்.ஐ. படத்தில் தேய்வு தெரிவது ஒன்றும் அதிசயம் இல்லை. வலியே இல்லாத 3,110 பேரின் படங்களைத் தொகுத்து 2015இல் வெளியான ஆய்வில், 50 வயதுக்காரர்களில் 100க்கு 80 பேருக்குச் சவ்வு தேய்ந்திருந்தது, 60 பேருக்குப் பிதுங்கியும் இருந்தது. அவர்கள் எல்லாரும் நன்றாகவே நடமாடிக்கொண்டிருந்தார்கள். எந்தப் பக்கம் பிதுங்கியிருக்கிறதோ அந்தப் பக்கத்துக் காலே வலிக்கிறதா, அந்த நரம்பு போகிற பாதையிலேயே மரத்திருக்கிறதா என்பதைப் பொருத்திப் பார்க்கிற டாக்டரை நம்புங்கள். படத்தை மட்டும் பார்த்துத் தேதி குறிப்பவர் என்றால் இன்னொரு டாக்டரையும் பாருங்கள்.

காத்திருந்தால் என்ன ஆகும்? பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரத்தில் கால் வலி கணிசமாகத் தணிகிறது. பிதுங்கிய துண்டை உடலே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும், பெரிய துண்டுகள்கூடக் கரைவதுண்டு. நெதர்லாந்தில், சயாட்டிகா எனப்படும் இந்தக் கால் வலியால் 6 முதல் 12 வாரம் கடுமையாகத் தவித்த 283 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு உடனே ஆபரேஷன். மற்றவர்களுக்கு மருந்தும் காத்திருப்பும், முடியாவிட்டால் பிறகு ஆபரேஷன். முதல் பகுதியினர் சீக்கிரம் தேறினார்கள். ஆனால் ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது இரு பக்கமும் 100க்கு 95 பேர் தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் 39 விழுக்காட்டினர் அந்த ஒரு வருஷத்துக்குள் ஆபரேஷன் செய்துகொண்டார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 2007இல் வெளியான முடிவு இது.

அதற்காக வருஷக்கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பதும் சரியில்லை. கனடாவில் 4 முதல் 12 மாதம் வரை வலித்த 128 பேரிடம் செய்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதம் கழித்து 10க்கு எவ்வளவு வலி என்று கேட்டபோது, ஆபரேஷனுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு 2.8, மற்றவர்களுக்கு 5.2. என் கருத்து இதுதான்: முதல் மூன்று மாதம் உடலுக்கு வாய்ப்புக் கொடுங்கள். நான்கு மாதம் தாண்டியும் கால் வலி தூக்கத்தையும் வேலையையும் பறித்தால், ஆபரேஷனுக்குச் சம்மதிப்பது நியாயமான முடிவு. அதில் பயந்து பின்வாங்க ஒன்றும் இல்லை.

காத்திருக்கக் கூடாத நிலையும் உண்டு. சிறுநீர் வராமல் கட்டிக்கொள்வது அல்லது தெரியாமல் போய்விடுவது, மலம் அடங்காமல் போவது, ஆசனவாயையும் பிறப்புறுப்பையும் சுற்றி மரத்துப்போவது, இரண்டு கால்களும் ஒருசேர வலுவிழப்பது. இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த மாதத் தேதியைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அன்றைக்கே, நடுராத்திரி என்றாலும், சிலிம் ரிவர் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள், இல்லையென்றால் 999ஐக் கூப்பிடுங்கள். மணிக்கணக்கில் தாமதித்தாலும் அந்த நரம்புகள் திரும்ப வேலை செய்யாமல் போகலாம். வெட்கப்பட்டு மறைக்கிற விஷயம் இல்லை இது.

காத்திருக்கும் காலத்தில் படுத்தே கிடக்காதீர்கள். முழு ஓய்வு சயாட்டிகாவைச் சீக்கிரம் ஆற்றுவதில்லை, கால்தான் மெலிகிறது. கொஞ்சம் நடந்து, வலி கூடுவதற்கு முன் நின்று, மறுபடி நடப்பதே நல்லது. நாள்பட்ட முதுகு வலிக்கு இடுப்பு பெல்ட்டை வழக்கமாகப் போடவேண்டாம் என்றே உலகச் சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டி சொல்கிறது. சயாட்டிகாவுக்கு அடிக்கடி எழுதித் தரப்படும் பிரிகாபலின் மாத்திரை, மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிட மேலாக உதவவில்லை என்று 2017இல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று கண்டது. தலைசுற்றல்தான் கூடியது. வலி ஊசியும் வலி மாத்திரையும் சில நாளைக்குக் கைகொடுக்கும், ஆனால் இனிப்புநீரும் ரத்த அழுத்தமும் உள்ளவர்கள் மாதக்கணக்கில் விழுங்கினால் சிறுநீரகம் கெடலாம்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது ஜாமு என்கிற மூலிகை மருந்துப் பாக்கெட்டுகள்தான். இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்று ஒருவர் சொல்லி இன்னொருவர் வாங்குவது. இப்படி விற்கும் சில பொருள்களில் டெக்ஸாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டு கலந்திருப்பதை மலேசிய சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. வலி பறப்பது அதனால்தான். கூடவே முகம் வீங்கும், சர்க்கரை ஏறும், வயிறு புண்ணாகும், எலும்பு மெலியும். பாக்கெட்டில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் தொடாதீர்கள். ஏற்கெனவே பல வாரமாகச் சாப்பிட்டு வந்தால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. பாக்கெட்டோடு கிளினிக்குக்குப் போய்க் காட்டுங்கள், டாக்டர் ஏசுவாரோ என்று தயங்காதீர்கள்.

சுங்கை கிளா வெந்நீர் ஊற்று பக்கத்திலேயே இருக்கிறது. இடுப்புக்கு இதமாக இருக்கும், போகலாம். ஆனால் முட்டை அவிக்கிற அளவுக்குக் கொதிக்கும் ஊற்றும் அங்கே உண்டு. சூடு தெரியாமல் மரத்துப்போன காலை வைத்தால் வெந்துவிடும். கால் மரத்துப்போக இனிப்புநீரும் ஒரு காரணம். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 100க்கு 31 பேருக்கு இனிப்புநீர் இருந்தது, எந்த இனத்தையும்விட அதிகம். இனிப்புநீரே கால் நரம்பைக் கெடுத்து எரிச்சலையும் மரமரப்பையும் தரும். அப்படி வந்த எரிச்சல் முதுகு ஆபரேஷனால் தீராது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் ஆபரேஷன் செய்தால் புண் ஆறுவதும் சிக்கல்.

ஆபரேஷன் என்றால் என்ன நடக்கிறது? மயக்க மருந்து கொடுத்து, இடுப்பில் சில சென்டிமீட்டர் கீறி, நுண்ணோக்கி வழியே பார்த்து, நரம்பை அழுத்தும் துண்டை மட்டும் எடுக்கிறார்கள். முழுச் சவ்வையும் எடுப்பதில்லை. தண்டுவடம் இடுப்பெலும்பு வரிசையின் மேல்முனையில், முதல் இரண்டு எலும்புகளருகே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பவை தனித்தனி நரம்புகள். 'தண்டுவடம் அறுந்து படுத்த படுக்கையாகிவிடும்' என்ற பயத்துக்கு இந்த இடத்தில் பெரிய அடிப்படை இல்லை. ஆபத்தே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். கிருமி தொற்றலாம், நரம்பு உறை கிழியலாம், அரிதாக நரம்பே சேதமாகலாம். 100 பேரில் 5 முதல் 15 பேருக்குச் சவ்வு மறுபடியும் பிதுங்குகிறது. கால் வலி முதலில் போகும், மரமரப்பு மெல்லத்தான் போகும், சிலருக்குக் கொஞ்சம் தங்கிவிடும்.

திருகும் கம்பியும் வைத்து எலும்புகளை இணைப்பது வேறு ஆபரேஷன். எலும்பு நழுவியிருந்தால் அது தேவைப்படலாம். வெறும் நாள்பட்ட முதுகு வலிக்கு அதைச் செய்வதைப் பற்றி பிரிட்டனில் 349 பேரிடம் நடந்து 2005இல் வெளியான ஆய்வு, தீவிரமான உடற்பயிற்சி சிகிச்சையைவிட அது மேலானது என்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை என்றது. யாராவது திருகு வைக்கவேண்டும் என்றால் 'எதற்காக?' என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. செலவும் அங்கேதான் ஏறும். அரசாங்க ஆஸ்பத்திரியில் நிபுணரைப் பார்க்க 5 வெள்ளிதான், ஆனால் உள்ளே வைக்கும் பொருளுக்குத் தனியாகக் கேட்பார்கள். எஸ்.டி.ஆர். ரொக்க உதவி பெறும், 40 வயது நிரம்பியவர்களுக்கு, அரசாங்கத்தின் பேகா பி40 திட்டத்தில் மருத்துவக் கருவிகளுக்கென 20,000 வெள்ளி வரை உதவி இருக்கிறது. உங்களுக்கு வைக்கும் திருகு அதில் அடங்குமா என்று ஆஸ்பத்திரியின் சமூகநலப் பிரிவில் முன்கூட்டியே கேளுங்கள்.

வேலையிடத்தில் விழுந்தோ குலை தூக்கும்போதோ முதுகு போயிருந்தால், முதலாளி 48 மணி நேரத்துக்குள் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். மறுபடி வேலைக்குத் திரும்ப உதவும் திட்டமும் சொக்சோவில் உண்டு. சவ்வு ஆபரேஷன் முடிந்து பெரும்பாலோர் மறுநாளே எழுந்து நடக்கிறார்கள், பாரம் தூக்கச் சில வாரம் ஆகும். எத்தனை வாரம் என்பது நீங்கள் செய்யும் வேலையைப் பொறுத்தது. ஆகவே டாக்டரிடம் 'தோட்ட வேலை' என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். குலை எத்தனை கிலோ, ஒரு நாளைக்கு எத்தனை முறை குனிவீர்கள், லாரியில் எவ்வளவு உயரத்துக்கு ஏற்றுவீர்கள் என்று சொல்லுங்கள், முடிந்தால் நின்று செய்தே காட்டுங்கள். இலகு வேலைக்கான கடிதத்தில் அவர் அந்த எடையையே எழுதித் தரட்டும், மண்டோரிடம் காட்டுவதற்கு அதுதான் வேண்டும்.