மின்பெட்டிக்குள் ஒரு காவலன்

கேமரன் மலையில் மழைக்கும் குளிருக்கும் பஞ்சமில்லை. பிள்ளைகளைக் குளிப்பாட்ட வெந்நீர் வேண்டும். கொழுந்து பறித்து நனைந்து வந்த உடுப்பைத் துவைக்க இயந்திரம் வேண்டும். இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும். ரிங்லெட் சுல்தான் அபு பாக்கார் அணை 1963-இல் கட்டப்பட்டது. அங்கே தேங்கும் நம் மலைத்தண்ணீர் சுரங்க வழியே இறங்கி, ஜோர் நிலையத்தில் மின்சாரமாகிறது. மலையையே குடைந்து எடுத்த அந்தச் சக்தியை வீட்டுக்குள் விடும்போது நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

தோட்டத்தை விட்டுச் சொந்த வீட்டில் குடியேறிய என் பழைய மாணவன் ஒருவன் ஒருநாள் என்னைத் தேடி வந்தான். வீட்டின் பின்னால் புதுச் சமையற்கட்டு கட்டியிருந்தான். வெளிச்சுவரில் மீட்டரும் மெயின் சுவிட்சும் இருந்தன. அங்கிருந்து கம்பி இழுத்து, உள்ளே புது மின்பெட்டியைத் தானே பொருத்திவிட்டான். கைத்தொலைபேசியில் அமெரிக்கப் படம் ஒன்றைப் பார்த்துச் செய்தானாம்.

“சார், அம்மா வெந்நீர் சுவிட்சைப் போட்டாலே இ.எல்.சி.பி. விழுந்துடுது. கெட்டுப்போச்சு போல. அதை எடுத்துட்டு நேரா கொடுத்துடலாமா?” என்றான்.

“தம்பி, அவசரப்படாதே. அது கெடலை, உங்க அம்மாவைக் காப்பாத்துது” என்றேன்.

வாசகர்களே, இதை நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். லைவ் கம்பியில் வரும் மின்சாரம் நியூட்ரல் கம்பி வழியே திரும்புகிறது. போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பதுதான் இ.எல்.சி.பி.யின் வேலை. கணக்கில் குறைந்தால், மின்சாரம் வேறு வழியாகக் கசிகிறது என்று பொருள். அந்த வழி ஒரு மனித உடம்பாகவும் இருக்கலாம். ஆகவே அது உடனே துண்டித்துவிடுகிறது.

அமெரிக்காவில் வெளியே உள்ள முதல் சுவிட்சில் நியூட்ரலையும் எர்த்தையும் ஓரிடத்தில் இணைப்பார்கள். தெனாகா கம்பியிலிருந்து மின்சாரம் பெறும் நம் வீடுகளின் முறை வேறு. இங்கே எர்த் கம்பி, வீட்டருகே மண்ணில் அடித்த தண்டுக்குத் தனியே போகிறது. வீட்டில் எந்த இடத்திலும் அது நியூட்ரலைத் தொடக் கூடாது. மாணவனோ உள்பெட்டியில் இரண்டையும் சேர்த்து முறுக்கியிருந்தான்.

எர்த் தண்டு இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பீர்கள். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். துவைக்கும் இயந்திரத்தின் உடம்பில் லைவ் பட்டுவிட்டது. மண்ணின் தடை 50 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230-ஐ 50-ஆல் வகுத்தால் 4.6 ஆம்பியர்தான் ஓடும். 20 ஆம்பியர் எம்.சி.பி. இதற்கு விழாது. இயந்திரத்தின் உடம்பில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். 0.1 ஆம்பியரிலேயே துண்டிக்கும் இ.எல்.சி.பி.தான் அங்கே உயிரைக் காக்கும். அதை எடுத்துவிட்டால் வீட்டுக்குக் காவலே இல்லை.

பொதுவாக வீட்டுக்கு 100 மில்லி ஆம்பியர், பிளக் சாக்கெட்டுகளுக்கு 30, குளியலறை வெந்நீர்க் கருவிக்கு 10 என்ற அளவில் பாதுகாப்பு இருக்க வேண்டும். வெந்நீர்க் கருவிக்குத் தனிக் கம்பியும் தனி எம்.சி.பி.யும் தேவை. அதை மற்றச் சாக்கெட்டில் ஒட்டுப் போடாதீர்கள்.

வெளியே உள்ள பெட்டி மழை புகாததாக இருக்கட்டும். கம்பி அடிப்பக்கமாக நுழையட்டும். மேலே ஓட்டை இருந்தால் தண்ணீர் நேரே உள்ளே இறங்கும். இன்னொன்றையும் மறக்காதீர்கள்: மெயின் சுவிட்சை அணைத்தாலும், மீட்டரிலிருந்து அந்தச் சுவிட்ச் வரை வரும் கம்பியில் மின்சாரம் இருக்கும். அணைத்துவிட்டோம் என்று நம்பிக் கை வைப்பது பெரும் ஆபத்து. மீட்டர் முத்திரையைத் தெனாகாவினர் மட்டுமே தொடலாம்.

மாணவன் பிறகு எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனை அழைத்தான். அவர் நியூட்ரலையும் எர்த்தையும் பிரித்து, எர்த் தண்டைச் சோதித்து, வெந்நீர்க் கருவிக்குத் தனி வழி கொடுத்தார். அதன்பின் இ.எல்.சி.பி. விழவில்லை. “கூலி மிச்சம்னு நினைச்சேன் சார். அம்மா உயிரோட விளையாடிட்டேன்” என்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

தோட்ட வீடுகளில் இருப்போர், இ.எல்.சி.பி. அடிக்கடி விழுந்தாலோ குழாயைத் தொட்டதும் சுரீர் என்றாலோ, நிர்வாகத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். நீங்களே கம்பியைப் பிரிக்க வேண்டாம்.

இன்று உங்கள் மின்பெட்டியின் முன் போய் நில்லுங்கள். இ.எல்.சி.பி.யில் ‘டெஸ்ட்’ என்ற சிறு பொத்தான் இருக்கும். கை ஈரமில்லாமல் அதை அழுத்துங்கள். சுவிட்ச் சட்டென்று விழுந்தால், காவலன் விழித்திருக்கிறான். மீண்டும் மேலே தள்ளிவிடலாம். விழாவிட்டால், அன்றே வயர்மேனுக்குச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை, சம்பள நாளன்று இதைச் செய்யும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கும் காட்டிக் கொடுங்கள்.